ஒரே நவம்பர், ஊருக்கு ஒரு பட்டம்!

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் அதை நம்பி ஒருவர் ஆடி மாதத்தில் விதைக் கூடையும் கையுமாகக் கேரளத்துக் குட்டநாட்டில் போய் இறங்கினால், பல இடங்களில் விதைப்பதற்கு நிலமே கண்ணுக்குத் தெரியாது. வயல் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் மூழ்கும் தண்ணீர் நிற்கும். பஞ்சாபில் போய் இறங்கினாலோ, "நடவு முடிந்து விட்டதே, இப்போது எதற்கு வந்தீர்?" என்று கேட்பார்கள். ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் கம்பு விதைக்கிறவர்கள் மட்டும், "வாருங்கள், சரியான சமயம்!" என்று வரவேற்பார்கள்.

பழமொழியின் மேல் குற்றமில்லை. அது பிறந்த ஊர் வேறு, அவ்வளவுதான்.

வட நாட்டில் பயிர்க் காலத்தை 'கரீப்' என்றும் 'ரபி' என்றும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். இரண்டும் அரபு மொழிச் சொற்கள். முன்னதற்கு இலையுதிர் காலம் என்றும், பின்னதற்கு வசந்த காலம் என்றும் பொருள். எந்தக் காலத்தில் அறுவடையோ அந்தக் காலத்தின் பெயரைப் பயிருக்கு வைத்து விட்டார்கள். நம் தஞ்சாவூர் விவசாயிக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. அவருக்குக் குறுவை, சம்பா, தாளடி. தென்மேற்குப் பருவ மழையில் மற்ற தேசமெல்லாம் நனையும்போது, அவர் அந்த மழை குடகு மலையில் பெய்து மேட்டூர் வழியாக வந்து சேருமா என்று காத்திருப்பார். மற்றவர்களுக்கு மழை ஓய்ந்த பிறகு அவருக்கு மழைக் காலம் ஆரம்பமாகும்.

வாசகர்கள் அனுமதித்தால், அப்படிப்பட்ட தஞ்சை விவசாயி ஒருவரைக் கற்பனையாக ரயில் ஏற்றி, ஒரு நவம்பர் மாதத்தில் தேசத்தைச் சுற்றிக் காட்டலாம். அவர் சுலபத்தில் கிளம்ப மாட்டார். சம்பா தூர் கட்டி நிற்கிற நேரம். தாளடி நட்டு அதிக நாள் ஆகவில்லை. மழை எப்போது வலுக்கும் என்று சொல்ல முடியாது. "வடிகாலை யார் பார்ப்பது?" என்பார். பத்து நாளில் கொண்டு வந்து விட்டு விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து அழைத்துப் போவோம்.

பூ பறிக்கும் காலம்

முதலில் காஷ்மீரம். ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் பாம்பூர் என்ற ஊர். அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களுக்குக் 'கரேவா' என்று பெயர். அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுப் பகுதி வரையில் இங்கே குங்குமப் பூ பூக்கிறது. ஊதா நிறப் பூ. வெயில் ஏறுவதற்குள் பறித்து விட வேண்டும். ஒவ்வொரு பூவுக்குள்ளும் மூன்றே மூன்று சிவப்பு இழை. அதுதான் சரக்கு, மற்றதெல்லாம் குப்பை. ஒரு கிலோ குங்குமப் பூ வேண்டுமானால் சுமார் ஒன்றரை லட்சம் பூக்களைப் பறிக்க வேண்டும்.

நம்மவர் பூவைப் பார்க்கவில்லை. வாய்க்காலைத் தேடுகிறார். வாய்க்கால் கிடையாது! கிழங்கை மண்ணில் புதைத்து விட்டால் சில வருஷங்கள் அங்கேயே கிடந்து பூக்கும். கோடை கழிந்து ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரையில் வானம் தருகிற மழைதான் அதற்குத் தீனி. அந்த மழைதான் இப்போது அடிக்கடி ஏமாற்றுகிறது. 1990-களில் ஏறக்குறைய 14,000 ஏக்கரில் இருந்த குங்குமப் பூச் சாகுபடி, பிறகு 10,000 ஏக்கருக்கும் கீழே இறங்கியது. 2010-ல் தேசிய அளவில் ஒரு திட்டம் போட்டு ஆழ்குழாய்க் கிணறும் தெளிப்பு நீரும் அமைக்க முற்பட்டார்கள். இழந்த நிலம் இன்னும் திரும்பவில்லை.

சர்தார்ஜியின் நெருப்பு

பாம்பூரில் இறங்கிய குளிர் பஞ்சாபில் புகையாக மாறுகிறது. கண்ணைக் கசக்கிக் கொண்டே நம்மவர் வண்டியிலிருந்து இறங்குகிறார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமதரை. ஒரு பக்கம் அறுவடை இயந்திரம் நெல்லை அள்ளிக் கொண்டு போகிறது. இன்னொரு பக்கம் அறுத்த வயலில் தாள் எரிகிறது.

"என்ன சர்தார்ஜி இது! வைக்கோலைக் கொளுத்துகிறீர்களே?" என்று பதறிப் போய்க் கேட்கிறார். (எந்தப் பாஷையில் கேட்டார் என்று யாரும் கேட்க வேண்டாம். கற்பனைப் பிரயாணத்தில் எல்லாருக்கும் எல்லாப் பாஷையும் தெரியும்.)

"வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இன்னும் பத்துப் பதினைந்து நாளில் கோதுமை விதைத்தாக வேண்டும். தள்ளிப் போனால் மார்ச் மாத வெயிலில் மணி சுருங்கிப் போகும். மாட்டுக்குக் கோதுமை வைக்கோல் இருக்கிறது, இந்த நெல் வைக்கோலை அது அவ்வளவாகத் தொடாது" என்கிறார் சர்தார்ஜி.

தஞ்சாவூர்க்காரருக்கு இது விளங்காததற்குக் காரணம் உண்டு. அவர் ஊரிலும் ஒரு பயிரை அறுத்து உடனே இன்னொன்று வைக்கிறார்கள். அந்தப் பயிருக்குப் பெயரே 'தாளடி'. குறுவைத் தாளைச் சேற்றில் மடக்கி உழுது, அதன் மேலேயே நடுகிறார்கள். சேற்றுத் தண்ணீரில் தாள் மக்கி எருவாகி விடும். நெல்லுக்குப் பின் நெல் என்பதால் இது நடக்கிறது. பஞ்சாபிலோ நெல்லுக்குப் பின் கோதுமை. ஒன்று சேற்றில் நிற்க வேண்டிய பயிர். மற்றது ஈரம் காய்ந்த பொலபொலப்பான மண்ணைக் கேட்கிற பயிர். நடுவில் இருப்பது இரண்டு மூன்று வாரம். அதற்குள் தாள் மக்காது. ஆகவே தீக்குச்சி.

தாளுக்கு நடுவிலேயே கோதுமையை விதைக்கிற 'ஹாப்பி சீடர்' என்ற இயந்திரம் வந்திருக்கிறது. வருஷத்தில் சில நாட்களே வேலை செய்கிற இயந்திரத்துக்கு முதல் போடுவதா என்று சிறு விவசாயி தயங்குகிறார். வாடகைக்கு எடுக்கலாம் என்றால், எல்லாருக்கும் அதே பத்து நாளில்தான் வேண்டியிருக்கிறது. சமீப ஆண்டுகளில் தீ வைப்பது குறைந்து வருவதாகச் சர்க்கார் கணக்குச் சொல்கிறது. ஆனாலும் நவம்பரில் டில்லிவாசிகள் மூச்சு விடச் சிரமப்படுவது நின்று போகவில்லை. தலைநகரின் புகைக்கு மோட்டார் வண்டிகளும் தொழிற்சாலைகளும் காரணமாக இருக்க, பழியை முழுவதும் சர்தார்ஜியின் தலையில் சுமத்துவது நியாயமில்லை என்பதையும் சொல்லி விட வேண்டும்.

அது போகட்டும், பஞ்சாபுக்கு நெல் எப்படி வந்தது?

1960-61-ல் இன்றைய பஞ்சாப் எல்லைக்குள் நெல் விளைந்த நிலம் சுமார் 5.6 லட்சம் ஏக்கர். இப்போது 75 லட்சம் ஏக்கருக்கு மேல். அங்கே பரம்பரையாக விளைந்தவை கோதுமை, மக்காச்சோளம், பருத்தி, கடலை, கம்பு. மக்காச்சோள ரொட்டியும் கடுகுக் கீரையும்தான் அவர்கள் ஊர்ச் சாப்பாட்டின் பெருமை. சோறு அவர்களுக்கு என்றாவது ஒரு நாள் உணவு.

நடந்தது இதுதான். 1960-களின் நடுவில் மழை பொய்த்து, அமெரிக்கக் கப்பல்களில் வந்த கோதுமையை எதிர்பார்த்துத் தேசம் நின்றது. சி. சுப்பிரமணியம் உணவு மந்திரி. 1966-ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையைத் தருவித்தார்கள். விதை ஆராய்ச்சியில் எம். எஸ். சுவாமிநாதன் முன்னின்றார். 1968-ல் கோதுமைப் புரட்சி என்று தபால் தலையே வெளியிடும்படி விளைந்தது. அந்த வெற்றியின் நிழலில் நெல்லும் உள்ளே வந்தது. கோதுமைக்குக் கிடைத்தது போலவே நெல்லுக்கும் நிச்சயமான விலை. விளைந்ததை அப்படியே எடுத்துக் கொள்ள உணவுக் கார்ப்பொரேஷன். தண்ணீருக்குக் குழாய்க் கிணறு. 1997 முதல் மின்சாரமும் இலவசம். எந்த விவசாயி வேண்டாம் என்பார்?

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்த உணவுக் கார்ப்பொரேஷன் 1965 ஜனவரி 14-ந் தேதி ஆரம்பமானபோது அதன் முதல் ஜில்லா ஆபீஸ் திறக்கப்பட்டது வேறெங்கும் இல்லை, நம் தஞ்சாவூரில்தான்! நெல் வாங்கத் தஞ்சையில் கடை விரித்த ஸ்தாபனம், பின்னர் பஞ்சாபை நெல் நாடாக்கி விட்டது. அங்கே விளைகிற அரிசியில் மிகப் பெரும் பகுதியைப் பஞ்சாபியர் சாப்பிடுவதில்லை. அது மத்தியத் தொகுப்புக்குப் போய், ரேஷன் கடைகள் வழியாகத் தேசமெங்கும் பரவுகிறது.

தண்ணீர்க் கணக்கு மட்டும் எங்கும் போகாமல் பஞ்சாபிலேயே தங்கி விட்டது. ஒரு கிலோ அரிசி விளைக்க வங்காளத்தில் செலவாவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு தண்ணீர் பஞ்சாபில் செலவாகிறது என்று விவசாய விலைக் கமிஷனே கணக்குப் போட்டிருக்கிறது. முன்பு தரை மேல் வைத்த பம்பு இறைத்த இடத்தில் இப்போது ஆழத்தில் நீர்மூழ்கி மோட்டார் இறங்கியிருக்கிறது. 2023-ம் ஆண்டுக் கணக்குப்படி, அங்குள்ள 153 வட்டாரங்களில் 117 வட்டாரங்களில், பூமிக்குள் ஊறுவதை விட அதிகமாக எடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

இது திடீரென்று தெரிய வந்த சங்கதி அல்ல. 1986-லேயே டாக்டர் எஸ். எஸ். ஜோல் தலைமையில் அமைந்த கமிட்டி, நெல்-கோதுமை நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது வேறு பயிருக்கு மாற்றுங்கள் என்று சொல்லி விட்டது. 2009-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: கடும் வெயிலில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க, ஜூன் 10-ந் தேதிக்கு முன் யாரும் நடவு செய்யக் கூடாது. பிறகு அந்தத் தேதி பல தடவை மாறியது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் நடவு தள்ளிப் போனால் அறுவடையும் தள்ளிப் போகும். அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் உள்ள இடைவெளி குறுகும். தண்ணீரைக் காக்கப் போட்ட சட்டம் தீயை நவம்பருக்குள் தள்ளியதில் பங்கு வகித்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். சீக்கிரம் விளையும் ரகங்களைப் போடும்படி இப்போது சொல்லி வருகிறார்கள். நம் குறுவையைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"நெல்லை விட்டு விடுங்களேன்" என்று நம்மவர் சொல்லிப் பார்க்கிறார்.

"விட்டு விடுகிறேன். மக்காச்சோளம் போட்டால் இதே விலைக்கு, இதே நிச்சயத்தோடு, நீங்கள் வாங்கிக் கொள்கிறீர்களா?" என்று சர்தார்ஜி திருப்பிக் கேட்கிறார்.

நம்மவரிடம் பதில் இல்லை. இருந்தால் அவர் ஏன் தஞ்சாவூரில் நெல்லையே கட்டிக் கொண்டு அழுகிறார்?

மணலில் ஓர் ஏரி

அங்கிருந்து ஜெய்சல்மேர். பாலைவனம். வருஷம் முழுவதும் பெய்கிற மழை, மேட்டூர் திறந்த முதல் வாரத்தில் நம் வயலில் நிற்கிற தண்ணீருக்கு ஈடாகுமா என்பது சந்தேகம். இங்கே என்ன விளையும் என்று உதட்டைப் பிதுக்கிக் கொண்டு வந்த நம்மவர், பச்சைக் கோதுமை முளைத்து நிற்பதைக் கண்டு வாய் பிளக்கிறார்.

இதற்குக் 'கடீன்' என்று பெயர். சுற்றிலும் பாறை மேடு, நடுவில் பள்ளம். பள்ளத்தின் தாழ்ந்த பக்கத்தில் நீளமாக ஒரு மண் கரை. மழைக் காலத்தில் பாறையில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் ஓடி வந்து கரைக்குள் தேங்கும். அப்படியே மண்ணுக்குள் இறங்கும். ஐப்பசி வாக்கில் தண்ணீர் வற்றியதும், அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். அப்புறம் ஒரு குடம் தண்ணீர் கூட ஊற்றுவதில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்தில் வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் இதை வளர்த்ததாகச் சொல்கிறார்கள்.

கம்பங் கொல்லைகளில் ஒரு மரம் வெட்டப்படாமல் நிற்கிறது. 'கேஜ்ரி' என்கிறார்கள். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. காய் கறிக்கு ஆகிறது. மரத்தடியில் கம்பு மற்ற இடத்தை விடச் செழிப்பாக வருகிறது. 1730-ல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்ற பெண்மணி தலைமையில் பிஷ்ணோய் மக்கள் 363 பேர் மரத்தைக் கட்டிப் பிடித்து உயிரை விட்டார்கள். நம்மவர் கிட்டப் போய் இலையைக் கிள்ளிப் பார்க்கிறார். "அட, இது நம் கோவில் வன்னி மரம் அல்லவா!" என்கிறார். ஆம், அதேதான். நாம் சுற்றி வந்து கும்பிடுகிறோம். அவர்கள் கொல்லையில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

வழியில் கண்டவை

ரயில் வேகத்தில் சில காட்சிகள் ஓடி மறைகின்றன. இமயமலைச் சரிவில், உத்தரகண்டில், 'பாரா நாஜா' என்று பன்னிரண்டு தானியங்களை ஒரே துண்டு நிலத்தில் கலந்து விதைப்பது வழக்கம். கேழ்வரகு, கீரை விதை, ராஜ்மா, கொள்ளு என்று பட்டியல் நீளும். மழை கூடினால் ஒன்று, குறைந்தால் இன்னொன்று வீட்டுக்கு வரும். நம் மானாவாரிக் காடுகளில் சோளத்தோடு துவரையும் தட்டைப் பயறும் கலந்து விதைப்பவர்களுக்கு இது புதிதல்ல.

வங்காளத்தில் 'ஆமன்' நெல் பழுத்து நிற்கிறது. புது அரிசிப் பண்டிகையான 'நபான்ன'த்துக்கு வீடுகள் தயாராகின்றன. ஆவுஸ், ஆமன், போரோ என்று அவர்களுக்கும் மூன்று போகம். குறுவை, சம்பா, தாளடி தெரிந்தவருக்கு இது பாதி புரிந்து விடும். புரியாதது சணல். வெட்டிய தண்டைக் குளத்தில் ஊறப் போட்டு, இடுப்பளவு அழுகல் தண்ணீரில் நின்று நாரை உரிக்கிறார்கள். 1947-ல் தேசம் பிரிந்தபோது ஆலைகளெல்லாம் கல்கத்தாப் பக்கமும், நல்ல சணல் நிலத்தில் பெரும்பாகம் கிழக்கு வங்காளத்திலுமாகப் போய் விட்டன. ஆலைக்குத் தீனி போட, நெல் வயல்கள் பல சணலுக்கு மாறின.

மேகாலயத்தில் ஒரு விசித்திரம். உலகத்திலேயே அதிக மழை பெய்கிற மௌசின்ராம் இருக்கும் ராஜ்யம். வருஷத்துக்கு 460 அங்குலத்துக்கு மேல்! ஆனாலும் பனிக் காலத்தில் வெற்றிலைக் கொடி வாடுகிறது. மலை ஊற்றிலிருந்து மூங்கிலைப் பிளந்து குழாயாக்கி, கிளைக்குக் கிளை பிரித்து, கொடியின் வேரில் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்திருக்கிறார்கள். சொட்டு நீர்ப் பாசனம் இஸ்ரேலிலிருந்து வந்தது என்று நாம் பேசிக் கொள்கிறோம்!

விதர்ப்பாவில் பருத்தி வெடித்திருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர்களுக்கு இந்த மண்ணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோடையில் காலே நுழையும்படி வெடிக்கும். மழை பெய்தால் ஈரத்தை விடாமல் பிடித்துக் கொள்ளும். ஆழமாக வேர் விடும் நாட்டுப் பருத்திக்கு அந்த ஈரம் போதுமாயிருந்தது. நம் பக்கத்துக் கருங்கண்ணியும் அந்த ஜாதிதான். 2002-ல் பி.டி. பருத்தி வந்த பிறகு நாட்டு ரகங்கள் ஏறக்குறைய மறைந்து போயின. ஆரம்பத்தில் காய்ப்புழுத் தொல்லை குறைந்தது உண்மை. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகி விட்டது. வருஷா வருஷம் விதையைக் கடையில் வாங்கி, உரமும் மருந்தும் கடனில் வாங்கி, மழையை மட்டும் நம்பி நிற்கிற மானாவாரி விவசாயியின் கதை என்ன ஆயிற்று என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்கள் அறிவார்கள். நம்மவர் அந்த ஊரில் அதிகம் பேசவில்லை.

கடலுக்குக் கீழே வயல்

கடைசியாகக் குட்டநாடு. ஆலப்புழையிலிருந்து படகில் போகிறோம். படகு உயரத்தில் போகிறது. வயல் கீழே கிடக்கிறது! கடல் மட்டத்துக்கு இரண்டு அடியிலிருந்து ஏழு அடி வரை தாழ்ந்த நிலம். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்று நான்கு ஆறுகள் வந்து விழுகிற காயல் பிரதேசம். சுற்றிலும் வரப்பு, அதற்கு வெளியே தண்ணீர் ததும்பி நிற்கிறது.

பாய்ச்சுவது எப்படி என்று தெரிந்தவர் தஞ்சாவூர்க்காரர். இங்கே பிரச்னை தலைகீழ். விதைக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரை வெளியே இறைக்க வேண்டும். அந்தக் காலத்தில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து காலால் மிதித்துச் சக்கரம் சுற்றினார்கள். பிறகு நீராவி, எண்ணெய் எஞ்சின்கள் வந்தன. இப்போது மின்சார மோட்டார் பூட்டிய 'பெட்டியும் பறையும்' ஓடுகிறது. மரத்தாலான உருளை, மரத்தாலான பெட்டி. பாடசேகரம் என்ற வயல் தொகுதியில் உள்ள எல்லாரும் சேர்ந்து இறைத்தால்தான் உண்டு. 'என் பங்கை நான் தனியாகப் பார்த்துக் கொள்கிறேன்' என்று ஒருவரும் சொல்ல முடியாது. தண்ணீர் வடிந்ததும் முளை கட்டிய விதையைத் தெளித்து, பங்குனி வாக்கில் அறுத்து விடுகிறார்கள். இதற்குப் 'புஞ்ச' என்று பெயர். நம் புன்செய் வறண்ட நிலம்; அவர்கள் புஞ்ச தண்ணீருக்கு அடியில்!

1942-ல் பர்மா வீழ்ந்து ரங்கூன் அரிசி நின்று போனதும், திருவாங்கூர் பட்டினியில் தவித்தது. அப்போது ஜோசப் முரிக்கன் என்பவர் வேம்பநாட்டுக் காயலையே மறித்து சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று மூன்று வயல்களை உண்டாக்கினார். தென்னை மரங்களையும் மூங்கிலையும் காயலுக்குள் அடித்து இறக்கி, ஆழத்தில் முழுகிக் கட்டிச் சேற்றை அள்ளி வந்து கரை போட்டவர்கள் கூலி ஜனங்கள். அவர்கள் பெயர் எந்த வயலுக்கும் இல்லை.

கோடையில் உப்பு நீர் ஏறி வராமல் இருக்க, 1976-ல் தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை முடித்தார்கள். நெல்லுக்கு நன்மை. ஆனால் உப்பு ஏறாததால் ஆகாயத் தாமரை சாகாமல் மண்டியது; மீனும் குறைந்தது. மதகை எப்போது திறப்பது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் வருஷந்தோறும் வாக்குவாதம். 2018 வெள்ளத்தில் பல பாடசேகரங்களின் கரைகள் உடைந்து வயலும் காயலும் ஒன்றாயின. ஒரு பக்கம் கரை உடைந்தால் அந்தத் தொகுதியில் எவருக்கும் அந்தப் போகம் இல்லை.

நம்மவர் கரையில் குந்தி உட்கார்ந்து மண்ணைப் பிசைந்து பார்க்கிறார். "எங்களுக்கு ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லையென்றால் அழுகை. 2012-லிருந்து எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை, 2020-ல்தான் திறந்தார்கள். இவர்களுக்குத் தண்ணீர் போகவில்லையென்றால் அழுகை" என்கிறார்.

படகுக்காரர் சிரிக்கிறார். "அங்கே எத்தனை நாள் பயிர்?" என்று விசாரிக்கிறார். குறுவை நூற்றுப் பத்து நாள், சம்பா ஐந்து மாதம் என்று நம்மவர் சொல்ல ஆரம்பித்ததும் படகு மெதுவாகி விடுகிறது. வித்து, எரு, கூலி, நெல் விலை என்று பேச்சு ஒரு மணி நேரம் போகிறது. கூலி விஷயத்தில் இருவருக்கும் பரிபூரண ஒற்றுமை. எரு விஷயத்தில் சண்டையே வந்து விட்டது.

இன்னும் பொக்காளி பாக்கி இருந்தது. எர்ணாகுளம் பக்கத்தில், உப்பு வயலில் ஆறு மாதம் நெல்லும் ஆறு மாதம் இறாலும் வளர்க்கிறார்கள்; கதிரை மட்டும் அறுத்துத் தாளை இறாலுக்கு விட்டு விடுவார்கள். அதையும் பார்த்து விட்டுப் போகலாம் என்று வற்புறுத்தினோம். அதற்குள் அவருடைய பையனிடமிருந்து டெலிபோன் வந்து விட்டது. வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறதாம்; இரவிலிருந்து விடாமல் மழையாம்; கீழத் தெரு வடிகாலில் ஆகாயத் தாமரை அடைத்துக் கொண்டு தாளடி நாற்று முழுகிக் கிடக்கிறதாம்.

"இங்கேயும் அதுதானா!" என்று காயலைத் திரும்பிப் பார்த்துச் சொல்லி விட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு அவர் ரயிலடிக்குப் புறப்பட்டார்.